கட்டிக்கொள்ள ஒரு பழைய வாட்ச்: சாவியா, ஆட்டோமேட்டிக்கா, க்ரோனோகிராஃபா?

பழைய வாட்ச் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எதை எடுப்பது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கட்டுவதற்கா, வைத்துக்கொள்வதற்கா? ‘ரெண்டுக்கும்தான்’ என்பார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெட்டியில் வைத்து அழகு பார்க்கும் வாட்சுக்கு அபூர்வம் பெருமை சேர்க்கும். கையில் கட்டும் வாட்சுக்கு அதே அபூர்வம் தலைவலி. உள்ளே ஒரு அச்சு முறிந்தால் மாற்று லேசில் கிடைக்காது. கிடைக்கிற வரைக்கும் வாட்ச் இழுப்பறையில் தூங்கும்.

இந்த ஒப்பீடு கட்டுகிறவர்களுக்கு. வாங்கி ஒரு வருடம் கழித்து அது கையில் இருக்கிறதா, இழுப்பறையில் இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கப் போகிறேன். பெயர், பெருமை, கதை எல்லாம் அப்புறம். களத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள்: 1950, 60களின் சாவி கொடுக்கும் எளிய வாட்ச், கையசைவில் தானே சாவி ஏறும் அதே காலத்து ஆட்டோமேட்டிக், ஸ்டாப்வாட்சும் சேர்ந்த க்ரோனோகிராஃப், பழைய முகத்தோடு இன்று தயாராகும் புது வாட்ச். என் மனம் முதலாவதன் பக்கம் சாய்ந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சாவி கொடுக்கும் வாட்ச்

மூன்று முள். தேதி கிடையாது, பட்டன் கிடையாது. காலையில் எழுந்ததும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகை, அதாவது க்ரௌனைப் பிடித்து இருபது முப்பது சுற்று. முதல் சில சுற்றுகள் வழுக்கிக்கொண்டு போகும். போகப் போக விரலுக்கு ஒரு இறுக்கம் தெரியும். கடைசியில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அங்கே விட்டுவிட வேண்டும். இரண்டு வாரத்தில் அந்த இடம் விரலுக்கே பழகிவிடும், எண்ணவே வேண்டாம். ஒரு முழுச் சாவிக்கு ஏறக்குறைய 36 முதல் 45 மணி நேரம் ஓடும். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் கொடுத்தால் போதும், ஒருநாள் சில மணி நேரம் தாமதமானாலும் நின்றுபோகாது.

‘அதிகமா சாவி கொடுத்துட்டாங்க, அதான் நின்னுபோச்சு’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். முழுச் சாவி ஏறியிருப்பது ஒரு வாட்சுக்குச் சாதாரண நிலை. சாவி முழுதாக ஏறியும் ஓடவில்லை என்றால் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது, இல்லையென்றால் எதுவோ ஒடிந்திருக்கிறது. லேசாகத் தட்டினால் ஓடுகிறது என்பதும் அதே நோய்தான். அப்படிப்பட்ட வாட்சை வாங்கக் கூடாது என்றில்லை. சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த வகையில் பார்க்க வேண்டிய முதல் எழுத்து டயலில் இருக்கும் ‘17 ஜுவல்ஸ்’. இந்தக் கற்கள் அலங்காரத்துக்கு அல்ல. அச்சுகள் உராய்ந்து தேயாமல் இருக்க அவற்றின் முனைகள் சுழலும் குழிகள் இவை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் 17 ஏன் என்று புரியும். இருபக்கமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் இரு முனைக்கும் துளைக்கல்லும் மூடிக்கல்லுமாக நாலு, அதன் அடியில் உதைவாங்கும் கல் ஒன்று, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் நெம்புகோலின் இரு நகங்கள், அதன் அச்சுக்கு இரண்டு. மிச்சம் எட்டும், அந்த நகங்கள் பிடித்து விடும் எஸ்கேப் சக்கரத்துக்கும் அதற்கு முந்தைய மூன்று சக்கரங்களுக்கும் ஆளுக்கு இரண்டு. சாவி கொடுக்கும் சாதாரண மூன்று முள் வாட்சுக்கு இதற்குமேல் அவசியம் இல்லை. 1960களில் கற்களின் எண்ணிக்கையில் போட்டி வந்து வால்தம், ஓரியண்ட் போன்ற பெயர்களில் 100 கல் வாட்சுகள்கூட வந்தன. அதில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் கல். விலையுயர்ந்த மாணிக்கம் என்றும் நினைக்க வேண்டாம். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டதிலிருந்து இவை உலையில் விளைகிற கற்கள்.

17-க்குக் கீழே 15 என்றால் பயப்பட வேண்டாம், நல்ல மெஷின்கள் உண்டு. கல்லே இல்லாமலோ ஒன்றோ இரண்டோ கல்லோடோ வரும் பின்-பேலட் வாட்சுகளை மட்டும் கட்டுவதற்காக வாங்காதீர்கள். பேலட்டில் கல்லுக்குப் பதில் எஃகு ஊசி இருக்கும். சத்தம் தகரத்தில் தட்டியதுபோல் கேட்கும், தேய்மானம் வேகமாக வரும், பலவற்றைப் பழுது பார்ப்பதே சிரமம். காதில் வைத்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, அதிர்ச்சித் தாங்கி. இதற்கு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் மையத்தில் ஒரு சிவப்புக் கல், அதன்மேல் யாழ் வடிவத்தில் பொன்னிறக் கம்பி ஒன்று மடக்கி வைத்ததுபோல் இருக்கிறதா? அதுதான் இன்காப்ளாக். வாட்ச் கீழே விழும்போது அந்தக் கம்பி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கல் நகரும், தலைமுடி அளவுள்ள அச்சின் முனை தப்பிக்கும். 1930களின் நடுவில் வந்தது. 50களின் இறுதிக்குள் நல்ல வாட்சுகளில் சாதாரணமாகிவிட்டது. இதற்கு முந்தைய வாட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும், கதவு நிலையில் ஒருமுறை கை இடித்தால் போதும். நான் அப்படி ஒரு 1940களின் வாட்சை ஒரே மாதத்தில் ஊமையாக்கினேன். கீழேகூடப் போடவில்லை, மேசை விளிம்பில் ஒரு தட்டு, அவ்வளவுதான். பேலன்ஸ் அச்சு போய்விட்டது.

மெஷின் எது என்று கேட்டால், ஒமேகாவின் 30 மில்லிமீட்டர் குடும்பம் என் முதல் தேர்வு. 1939-இல் 30டி2 என்று தொடங்கி, 260, 280 வரிசைகள் வரை 1963 வரை ஓடிய பரம்பரை. மொத்தம் ஏறக்குறைய 30 லட்சம் மெஷின்கள் என்பார்கள். செம்பு நிற முலாம், பெரிய பேலன்ஸ், நல்ல இடைவெளியில் வைத்த பாகங்கள். பழுது பார்ப்பவருக்கே பிடித்துப்போகும். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்: லட்சக்கணக்கில் செய்த மெஷினுக்குப் பாகம் கிடைக்கும், அதைத் திறந்து பழகிய கைகளும் கிடைக்கும். பெரிய பெயர் வேண்டாம் என்றால் ஏ.எஸ்., எஃப்.எச்.எஃப்., பெஸோ, ஈட்டா ஆகிய சுவிஸ் தொழிற்சாலைகள் செய்து பல கம்பெனிகளுக்கு விற்ற மெஷின்கள் இருக்கின்றன. டயலில் நீங்கள் கேள்விப்படாத பெயர் இருக்கும், உள்ளே அதே மெஷின் ஓடும். 1971-இல் வந்த பெஸோ 7001 வெறும் 2.5 மில்லிமீட்டர் தடிமன். பிற்காலத்தில் ஈட்டா பெயரில் தொடர்ந்தது. உள்ளே அது இருக்கிற மெல்லிய வாட்ச் சட்டைக் கைக்குள் இருப்பதே தெரியாது.

குறை என்னவென்றால், அளவு. 50களின் ஆண்கள் வாட்ச் 33 முதல் 35 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். 40 மில்லிமீட்டருக்குப் பழகிய கண்ணுக்கு முதல் நாள் சின்னப்பிள்ளை வாட்ச் மாதிரிதான் தெரியும். ஒரு வாரம் கொடுங்கள். எட்டாம் நாள் உங்கள் பழைய வாட்சை எடுத்துக் கட்டிப் பாருங்கள், அதுதான் தட்டு மாதிரித் தெரியும். இன்னொரு குறை மறதி. தினமும் சாவி கொடுப்பதை ஒரு சிறு வழிபாடு மாதிரி ரசிப்பவர்களும் உண்டு, மூன்றாம் நாளே சலித்துப்போகிறவர்களும் உண்டு. நீங்கள் எந்த வகை என்பது உங்களுக்கே தெரியும். இரண்டாவது வகை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஆட்டோமேட்டிக்

கையை ஆட்டினால் உள்ளே ஒரு எடைத்தட்டு சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றும். 1920களில் ஜான் ஹார்வுட் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவந்த யோசனை இது. அவருடைய தட்டு முழுதாகச் சுற்றாது, இருபக்கமும் ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும். இந்த ‘பம்பர்’ வகை 50கள் வரைக்கும் பல கம்பெனிகளில் தொடர்ந்தது. பம்பர் ஒன்றைக் கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கையைத் திருப்பும்போது உள்ளே ‘டொக்’ என்று மெல்லிய மோதல் மணிக்கட்டில் தெரியும். நேரம் பார்க்கவே வேண்டாம், அந்த மோதலுக்காகவே கட்டலாம். ஆனால் முதல் வாட்சாக வேண்டாம். மோதி மோதித் தேய்ந்த ஸ்பிரிங்குகளுக்கு மாற்றுத் தேடுவது எல்லோருக்கும் பொறுமையான காரியமில்லை.

1931-இல் ரோலெக்ஸ் முழுவட்டம் சுற்றும் தட்டைக் கொண்டுவந்தது. 1948-இல் எடெர்னா அந்தத் தட்டை ஐந்து சிறு குண்டுகள் உள்ள பேரிங்கில் உட்காரவைத்தது, அதன் சின்னத்தில் இன்றும் ஐந்து புள்ளிகள் இருப்பது அதனால்தான். 1959-இல் சீக்கோ ‘மேஜிக் லீவர்’ என்று ஒரு காரியம் செய்தது. இரு நகங்கள் உள்ள ஒரே நெம்புகோல். தட்டு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு நகம் தள்ளும், ஒரு நகம் இழுக்கும். பாகங்கள் குறைவு, கெட்டுப்போகவும் குறைவு. பழைய ஆட்டோமேட்டிக்கில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடு என்றால் 1960, 70களின் சீக்கோ ஒன்றைத்தான் எடுப்பேன். சொகுசாக இருக்காது, ஆனால் அசராது.

அதில் இன்னொரு வசதி, மோசடியைப் பிடிப்பது எளிது. பின்மூடியில் 6139-6002 என்பதுபோல் ஒரு எண் இருக்கும். முதல் நாலு இலக்கம் மெஷின், பின்னால் இருப்பது கேஸ், அதாவது வெளிக்கூடு. திறந்து பார்த்தால் மெஷினிலும் அதே நாலு இலக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ இரண்டு மூன்று வாட்சைக் கலந்து ஒன்று செய்திருக்கிறார்கள். அதோடு தொடர் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற எழுத்துகள். பத்தாண்டு எது என்பதை மட்டும் மாடலைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். பிறந்த மாதத்தில் செய்த வாட்சைத் தேடிப் பிடிப்பவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். நானும் தேடினேன், இன்னும் சிக்கவில்லை.

சரி, குறைகள். ஒன்று, தடிமன். தட்டும் அதன் பாலமும் சேர்ந்து வாட்சை உயர்த்திவிடும். இரண்டு, எடைத்தட்டின் அச்சு தேய்ந்தால் தட்டு தொங்கிப் பின்மூடியை உரசும். வாட்சை மெல்ல ஆட்டும்போது ‘கிரீச்’ என்று உரசும் சத்தமோ, மூடியின் உட்பக்கத்தில் வட்டமாகக் கீறலோ இருந்தால் அதுதான் காரணம். மூன்று, பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் தேதி இருக்கும். இதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரவு பத்து பத்தரைக்குத் தேதிச் சக்கரத்தை நகர்த்தும் பல் மெல்லக் கவ்வத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் க்ரௌனை இழுத்து வேகமாகத் தேதி மாற்றினால் ஏதோ ஒரு பல் உடையும். நான் செய்த காரியம் அதுதான். வாட்ச் வாங்கிய சந்தோஷத்தில் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து தேதியைச் சரிசெய்தேன், ஒரு ‘டிக்’ கேட்டது, மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே தேதி. இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியைத் தொடாதீர்கள். இன்னும் பழைய வாட்சுகளில் வேகமாகத் தேதி மாற்றும் வசதியே இருக்காது. ஒன்பதுக்கும் பன்னிரண்டைத் தாண்டியும் முள்ளை முன்னும் பின்னும் சுற்றி ஒவ்வொரு நாளாக நகர்த்த வேண்டும். 12-இல் தொடங்கி 31-க்குப் போக வேண்டிய நாளில் தெரியும் அதன் அருமை. வாரம் இரண்டு நாள்தான் கட்டுவீர்கள் என்றால் தேதியில்லாத வாட்சே நிம்மதி.

இன்னொன்றும் கவனியுங்கள். 6139, 6309 போன்ற பல பழைய சீக்கோ மெஷின்களுக்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது. க்ரௌனைச் சுற்றினால் சும்மா சுற்றும். பழுதில்லை, அமைப்பே அப்படி. நின்றுபோனதை எடுத்து இருபது முப்பது தடவை பக்கவாட்டில் ஆட்டிவிட்டுக் கட்ட வேண்டும்.

க்ரோனோகிராஃப்

ஆசையைக் கிளப்புவது இதுதான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பட்டன், இரண்டு மூன்று குட்டி டயல்கள், விளிம்பில் வேகம் அளக்கும் அளவுகோல். 1969-இல் நிலவில் இறங்கியவர்களோடு போனது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். அதே வருடம் ஜெனித்தின் எல் ப்ரிமெரோ, ஹோயர்-பிரைட்லிங் கூட்டணியின் காலிபர் 11, சீக்கோவின் 6139 என மூன்று ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. டிசம்பர் 25 அன்று அதே சீக்கோ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் ஆஸ்ட்ரானை வெளியிட்டது. ஓட்டப்பந்தயத்தில் எல்லைக்கோட்டைத் தொட்ட கணத்தில் பந்தயத்தையே வேறு மைதானத்துக்கு மாற்றிய மாதிரி.

ஆனால் கட்டும் வாட்சாக? பழைய க்ரோனோகிராஃப் என்பது சாதாரண மெஷின்மேல் இன்னொரு மெஷினை ஏற்றி வைத்தது. சர்வீஸ் என்றால் இரட்டை வேலை, அதற்கேற்ற செலவு, அதைத் தொடத் துணிகிற ஆட்களும் குறைவு. சிலரைக் கேட்டாலே ‘பட்டன் வேலை செய்யாவிட்டால் பரவாயில்லையா, நேரம் மட்டும் ஓடவைத்துத் தருகிறேன்’ என்பார்கள். அப்படிச் சொல்பவர் நேர்மையானவர், ஆனால் உங்கள் வாட்சுக்கான ஆள் இல்லை.

உள்ளே பட்டனின் கட்டளையை வாங்கிக் கடத்துவதில் இரண்டு வகை. கோட்டைச் சுவர்போல் பல் நிமிர்ந்து நிற்கும் தூண்சக்கரம் ஒன்று, தகடாக வெட்டிய கேம் இன்னொன்று. தூண்சக்கரம் பட்டனில் வெண்ணெய் மாதிரி இறங்கும், கேம் கொஞ்சம் முரண்டு பிடித்து ‘டக்’ என்று விழும். சேகரிப்பவர்கள் தூண்சக்கரத்தைக் கொண்டாடுவார்கள். கட்டுகிறவருக்குக் கேம்தான் நண்பன், செய்யவும் பழுது பார்க்கவும் எளிது. 1968-இல் ஸ்பீட்மாஸ்டரே தூண்சக்கரம் உள்ள 321 மெஷினை விட்டுவிட்டுக் கேம் உள்ள 861-க்கு மாறியது. நொடிக்கு ஐந்து துடிப்பு ஆறானது. யாருக்கும் நேரம் தப்பவில்லை.

லாண்டெரான் 48 என்ற பழைய சுவிஸ் க்ரோனோகிராஃப் மெஷின் பற்றி ஒரு எச்சரிக்கை. மேல் பட்டனை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்காது. முதன்முதலில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தபோது ‘பட்டன் ரிப்பேர்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் மேல் பட்டன் ஓட்டுவதற்கு மட்டும்தான். கீழ் பட்டன் முதல் அமுக்கில் நிறுத்தும், அடுத்த அமுக்கில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். நல்ல வாட்ச், என் அறியாமையால் வேறு ஒருவர் கைக்குப் போனது. மற்ற சாதாரண க்ரோனோகிராஃப்களில் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ் பட்டனைப் பலவந்தமாக அமுக்கிப் பார்க்காதீர்கள். முதலில் நிறுத்துங்கள், பிறகு பூஜ்யம்.

பிடிவாதமாக க்ரோனோகிராஃப்தான் வேண்டும் என்றால் 6139-ஐப் பாருங்கள், அல்லது சோவியத் பொல்யோத் 3133. இது வால்ஜூ 7734 என்ற சுவிஸ் மெஷினைத் தழுவியது. அதைச் செய்யும் எந்திரங்களையே சோவியத் வாங்கிக்கொண்டுபோய் வைத்தது. ஆனால் முதல் வாட்சாக எடுக்காதீர்கள். இரண்டாவதாகவும் யோசியுங்கள்.

பழைய முகம், புது உடம்பு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சீக்கோ, லாஞ்சின்ஸ், ஹாமில்டன் போன்றவர்கள் தங்கள் பழைய மாடல்களின் சாயலில் புது வாட்சுகள் செய்கிறார்கள். ஹாமில்டனின் காக்கி ஃபீல்ட் மெக்கானிக்கல் சாவி கொடுப்பதுதான், 38 மில்லிமீட்டர், ஒரு முழுச் சாவிக்கு 80 மணி நேரம். வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். மழையில் நனையலாம், உத்தரவாதம் உண்டு, கண்ணாடி லேசில் கீறாது.

பழைய வாட்ச் மோகத்தில் இருப்பவர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். அது தேவையில்லை. தண்ணீரோடும் வியர்வையோடும் வேலை என்றால் இதுதான் சரியான பதில். பழைய வாட்சின் பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்டண்ட்’ என்று எழுதியிருப்பது அது செய்த நாளில் உண்மை. ரப்பர் வளையம் இறுகி நொறுங்கி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். எழுத்து அப்படியே இருக்கும். கை கழுவும்போதே கழற்றி வைக்கிற பொருளாகத்தான் பழைய வாட்சை நினைக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் குறை: புதுசு புதுசுதான். அதன்மேல் வேறொருவர் கையின் நாள்கள் எதுவும் இல்லை. அதற்காகத்தானே நாம் பழையதைத் தேடுகிறோம்.

பழையதில் எதை எடுத்தாலும்: முகம்

பழையதில் எந்த வகையை எடுத்தாலும் கடைசி முடிவு டயலில்தான் நடக்கும். மங்கிப் புள்ளி விழுந்த அசல் டயலா, பளபளவென்று மறுபடி பெயிண்ட் அடித்து அச்சிட்ட டயலா? புதிதாக வருகிறவர்கள் நூற்றுக்கு நூறு இரண்டாவதைத்தான் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எழுத்தின் ஓரம் மை ஊறியதுபோல் தடித்திருந்தது, 6-க்குக் கீழே இருக்க வேண்டிய ‘சுவிஸ் மேட்’ கோணலாக நிமிடக்கோட்டின்மேல் ஏறியிருந்தது, நொடி டயலின் கோடுகள் மையத்தை விட்டுச் சற்று விலகியிருந்தன. தூரத்தில் அழகு, கிட்டத்தில் அழுக்கு.

சேகரிப்பவர் அதைத் தொடமாட்டார். கட்டுகிறவர் அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள். என் கணக்கு எளிது: படிக்க முடிகிற அசல் டயல், எவ்வளவு மங்கியிருந்தாலும், புது பெயிண்டைவிட மேல். தண்ணீர் புகுந்து துருப்பிடித்து ஊதிய டயல் மட்டும் வேண்டாம். டயலில் துரு என்றால் உள்ளே ஸ்பிரிங்கிலும் துரு.

இருட்டில் ஒளிரும் பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. 1960களின் தொடக்கம் வரை ரேடியம். அதன் அரைவாழ்வு 1600 வருடம். பெயிண்டில் ஒளிரும் வேதிப்பொருள் செத்துப்போனதால் இப்போது ஒளிராது, ஆனால் ரேடியம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடியபடி கட்டுவது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தத் தூள் உதிர்ந்து மூச்சில் போவதுதான் உண்மையான ஆபத்து. எனவே அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறந்து நோண்டவே கூடாது. பிறகு ட்ரிடியம் வந்தது, டயலின் அடியில் ‘டி சுவிஸ் டி’ என்று சின்னதாக இருக்கும். அரைவாழ்வு 12 வருடம் சொச்சம், இன்று பெரும்பாலும் தணிந்துவிட்டது. பயமாக இருந்தால் ஒளிரும் பெயிண்டே இல்லாத டிரெஸ் வாட்சை எடுத்துவிடுங்கள், பிரச்சினையே இல்லை.

கேஸில் பார்க்க வேண்டியது ஸ்ட்ராப் மாட்டும் நாலு கால்கள். செய்தபோது அவற்றின் விளிம்பு கத்தி மாதிரி இருந்திருக்கும். பாலிஷ் போட்டுப் போட்டுச் சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தால் உலோகம் போனது போனதுதான். முலாம் பூசிய கேஸ் என்றால் கால்களின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வியர்வை முதலில் தின்பது அங்கேதான். ‘20 மைக்ரான்’ என்று முத்திரை இருந்தால் தாராளமான முலாம். எஃகுக் கேஸ் கிடைத்தால் இந்தக் கவலையே வேண்டாம். கண்ணாடியில் கீறல் இருந்தால் அதற்காகப் பேரம் பேசுங்கள், பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அக்ரிலிக். கொஞ்சம் பாலிஷ் பசையைத் துணியில் எடுத்து ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால், மேகம் விலகின மாதிரி டயல் மேலே வரும். இந்த ஐந்து நிமிடத்துக்காகவே கீறின வாட்சாகத் தேடி வாங்கிய காலம் ஒன்று உண்டு.

மெஷினின் உடல்நிலையை டைம்கிராஃபர் என்ற கருவி சொல்லிவிடும். மைக்கில் வைத்தால் துடிப்பைக் கேட்டு மூன்று எண் காட்டும்: நாளுக்கு எத்தனை நொடி வேகம் அல்லது தாமதம், பேலன்ஸ் எவ்வளவு தூரம் ஆடுகிறது, ஆட்டம் இருபக்கமும் சமமா. முழுச் சாவியில் டயல் மேல்நோக்கி இருக்கும்போது ஆட்டம் 250 டிகிரிக்கு மேல் இருந்தால் சந்தோஷம், 200-க்குக் கீழே என்றால் சர்வீஸ். புதியவர்கள் நாளுக்கு எத்தனை நொடி என்பதையே பிடித்துக்கொள்வார்கள், அது திருகினால் மாறும் எண். ஆட்டம்தான் பொய் சொல்லாது. ஐம்பது அறுபது வருட வாட்ச் நாளுக்கு 20 நொடி தப்பினால் எனக்குப் போதும். திடீரென்று நிமிடக்கணக்கில் வேகமாக ஓடினால் ஸ்பீக்கர், காந்தமூடிப் பை எதன் பக்கத்திலாவது வைத்தீர்களா என்று யோசியுங்கள். பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கும், காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலை.

ஆக, எடுப்பது எது?

அலுவலகம், வீடு, மாலையில் கொஞ்சம் நடை என்கிறவருக்குத் தயக்கமே இல்லை: 1955-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட, சாவி கொடுக்கும், 17 கல், அதிர்ச்சித் தாங்கி உள்ள, தேதியில்லாத, 34 அல்லது 35 மில்லிமீட்டர் எஃகு வாட்ச். டயலில் என்ன பெயர் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். மெஷின் என்ன என்று கேளுங்கள். ஸ்ட்ராப் அகலம் 18 மில்லிமீட்டர் என்றால் மாற்றி மாற்றிக் கட்டலாம். 17, 19 என்றால் ஸ்ட்ராப் தேடியே ஆயுசு போகும்.

தினமும் ஒரே வாட்சைக் கட்டுவேன், காலையில் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்கிறவருக்குப் பழைய சீக்கோ ஆட்டோமேட்டிக். தண்ணீர், தூசு, சுத்தியல் என்றால் புது வாட்ச், வெட்கப்படாமல். பொழுதுபோக்கில் ஆழமாக இறங்கிவிட்டவர், நம்பகமான கை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டவர் க்ரோனோகிராஃபுக்குப் போகட்டும். வரிசை முக்கியம்: முதலில் பழுது பார்ப்பவர், அப்புறம்தான் க்ரோனோகிராஃப்.

விலை குறைவு, கிடைப்பது எளிது என்று சோவியத் போபெதா, ரகேதா, வஸ்தோக் பக்கம் போகிறவர்களையும் நான் தடுப்பதில்லை. போபெதா 1946-இல் தொடங்கியது, பிரெஞ்சு லிப் மெஷின் ஒன்றைத் தழுவி எளிமையாகச் செய்தது. டயல் ஒரு வருடம், முள் ஒரு வருடம், கேஸ் இன்னொரு வருடம் என்று கலந்து வருவது இவற்றில் சகஜம். கட்டுகிறவருக்கு அது பெரிய குற்றமில்லை. மூடியைத் திறந்து பழக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா, இரண்டு வாங்குங்கள். ஒன்று கட்ட, ஒன்று கெடுக்க.

நான் கெடுத்தது மூன்று. மூன்றாவதில்தான் ஹேர்ஸ்பிரிங்கை வளைக்காமல் பேலன்ஸைத் திரும்ப உட்காரவைத்தேன். சட்டென்று தானாக ஆடத் தொடங்கியது. இடுக்கியைக் கீழே வைக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாளுக்கு நாற்பது நொடி தப்பும் அந்த வாட்ச்தான் இதை எழுதும்போதும் கையில் இருக்கிறது.